நான்கரை வயதுக் குழந்தைக்கு எழுத்து தெரியவில்லை: வீட்டில் பெற்றோரும் பாட்டியும் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் மகளுக்கு நான்கரை வயது. நீங்களும் உங்கள் மனைவியும் வேலைக்குப் போவதால் பகல் முழுவதும் அவள் உங்கள் தாயாரிடம் இருக்கிறாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குழந்தைக்குத் தன் பெயரின் முதல் எழுத்தைத் தவிர வேறு எழுத்து அடையாளம் தெரியவில்லை. உறவினர் வீட்டில் அதே வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. எந்த வயதில் எழுத்து சொல்லித்தரத் தொடங்கலாம், எந்தச் செயலி நல்லது என்று இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துகிற கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. எங்கள் வீட்டுச் சூழலால் குழந்தை பின்தங்கிவிட்டாளா, படிப்பறியாத பாட்டியிடம் விட்டுச் செல்வதால் அவளுக்கு இழப்பு நேர்கிறதா என்பதே அது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன்.

குழந்தைப்பருவக் கல்வியில் பயிற்சி பெற்று, மழலையர் வகுப்புகளில் பல ஆண்டுகள் கற்பித்து, பின்னர் அந்த வகுப்புகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருபவள் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்திருப்பதில் கவலைப்பட வேண்டிய குறை எதுவும் தென்படவில்லை. நான்கரை வயதில் தன் பெயரின் முதல் எழுத்தை அடையாளம் காண்பது இயல்பான தொடக்கமே. பெரும்பாலான குழந்தைகள் முதலில் பழகும் எழுத்து அதுதான். அதே வேளையில், குழந்தையை நேரில் பார்க்காமல், அவள் பேசுவதைக் கேட்காமல் எவராலும் உறுதி கூற முடியாது. எந்த அறிகுறி இருந்தால் நேரில் காட்ட வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டில் என்ன செய்வது என்று முடிவெடுக்க, வாசிப்பு என்பது எதனால் ஆனது என்பது தெரிந்திருக்க வேண்டும். 1986-ஆம் ஆண்டு கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த எளிய விளக்கம் இன்றுவரை இத்துறையின் அடித்தளமாக நிற்கிறது. எழுத்தைப் பார்த்து அதை ஒலியாக்கும் திறன் ஒன்று. காதால் கேட்கும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. படித்துப் புரிந்துகொள்ளுதல் இவ்விரண்டின் பெருக்கற்பலன் என்றார்கள். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில் பொருள் இருக்கிறது. ஒன்று சுழியமாக இருந்தால் மற்றொன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழியம்தான். எழுத்தெல்லாம் தெரிந்து, பத்தியைத் தடங்கலின்றி உரக்கப் படித்துவிட்டு, "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் விழிக்கும் எட்டு வயதுக் குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பெற்றோர் எல்லோரும் மூன்று வயதிலேயே எழுத்துப் பயிற்சியைத் தொடங்கியவர்கள்.

இந்த இரண்டு திறன்களும் வளரும் விதம் வேறு. எழுத்து என்பது எல்லை உள்ள பாடம். தமிழில் 247 எழுத்துகள் என்றாலும், 12 உயிரையும் 18 மெய்யையும் உயிர்மெய்க் குறிகளையும் புரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் அவற்றின் சேர்க்கை. சில ஆண்டுகளில் முழுமையாகக் கற்று முடித்துவிடலாம். மொழிக்கு அப்படி எல்லை கிடையாது. சொல்வளம், வாக்கியத்தை நீட்டிப் பேசும் திறன், ஒரு நிகழ்ச்சியை முன்பின் மாறாமல் சொல்லும் திறன், பிறர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும் திறன் எல்லாம் பிறந்த நாள் முதல் ஆண்டுக்கணக்கில், மனிதர்களோடு பேசிப் பேசியே வளர வேண்டும். எழுத்தைப் பள்ளி கற்பித்துவிடும்; முப்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியரால் ஒவ்வொரு குழந்தையோடும் நாள்தோறும் நெடுநேரம் பேச இயலாது. ஆகவே வீட்டின் முதல் வேலை பேச்சு. உங்கள் மகளுக்கு அந்த வேலையைச் செய்வதற்கென்றே பகல் முழுவதும் ஒருவர் அருகில் இருக்கிறார்.

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். 1995-இல் ஹார்ட், ரிஸ்லி இருவரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, 42 குடும்பங்களின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கும் வறிய வீட்டுக் குழந்தைகளுக்கும் காதில் விழும் சொற்களின் எண்ணிக்கையில் மிகப் பெரிய இடைவெளி இருப்பதாகக் கூறியது. இன்று அந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்பவர்கள் குறைவு. குடும்பங்களின் எண்ணிக்கை சிறியது. தாய் குழந்தையைப் பார்த்து நேரடியாகப் பேசியதே பெரும்பாலும் கணக்கில் வந்தது. வீட்டில் உள்ள மற்றவர்களின் பேச்சையும் சேர்த்து 2018-இல் வேறு சமூகங்களில் செய்யப்பட்ட ஆய்வொன்று, வறிய வீடுகளுக்கிடையிலேயே பெரும் வேறுபாடு இருப்பதையும், அந்த இடைவெளி எல்லா இடத்திலும் காணப்படவில்லை என்பதையும் காட்டியது. எனவே, படிப்போ பணமோ இல்லாத வீட்டில் பேச்சும் குறைவாகத்தான் இருக்கும் என்ற முடிவுக்கு ஆதாரம் வலுவாக இல்லை. வலுவாக நிற்பது வேறொன்று: குழந்தை எத்தனை சொற்களைக் கேட்கிறது என்பதைக் காட்டிலும், பெரியவரும் குழந்தையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசுகிறார்கள் என்பது அதன் மொழித்திறனோடு நெருங்கிய தொடர்புடையது. நான்கு முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளிடம் செய்யப்பட்டு 2018-இல் வெளியான மூளைப்படப் பதிவு ஆய்வும், கதை கேட்கும்போது மூளையின் மொழிப்பகுதி இயங்கும் அளவு இந்த மாறிமாறிப் பேசுதலோடு சேர்ந்து உயர்வதைக் கண்டது. குழந்தையைச் சும்மா உட்காரவைத்து அதன்மேல் சொற்களைக் கொட்டுவதால் பயன் குறைவு. அது பேச வேண்டும், அதற்கு மறுமொழி வர வேண்டும்.

இந்த மாறிமாறிப் பேசுதல் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒரு பக்கத்தை வைத்துக் காட்டுகிறேன். படத்தில் மழை பெய்கிறது, ஒரு பையன் நனைந்தபடி நிற்கிறான், அவன் கை வெறுமையாக இருக்கிறது. பாட்டி, "இந்தப் பையன் ஏன் இப்படி நனைஞ்சுக்கிட்டு நிக்கிறான்?" என்கிறார். குழந்தை, "குடை போச்சு" என்கிறாள். "ஆமா, குடை காத்துல பறந்து போயிடுச்சு போல. எங்க போய் விழுந்திருக்கும்?" "மரத்துல." "மரத்துல மாட்டிக்கிச்சா? அப்போ அவன் எப்படி எடுப்பான்?" "நீளக் குச்சி வேணும். இல்லன்னா அவங்க அப்பா வரணும்." இவ்வளவுதான். குழந்தை முதலில் சொன்னது இரண்டே சொற்கள். பாட்டி அதைத் திருத்தவில்லை. அதை ஏற்று, காற்றையும் பறந்து போனதையும் சேர்த்து முழு வாக்கியமாக்கித் திருப்பித் தந்தார். பிறகு படத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார். அதனால்தான் குழந்தை படத்தைத் தாண்டி யோசித்து, கடைசியில் ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று என்று இரு வழிகளைத் தானே சொன்னாள். இதே பக்கத்தை வைத்துக்கொண்டு, "இது என்ன? குடை சொல்லு. இது என்ன நிறம்? இதை எண்ணு பார்ப்போம்" என்று கேட்டிருந்தால் ஒற்றைச் சொல் விடைகளே வந்திருக்கும், குழந்தையும் மூன்றாவது கேள்வியில் எழுந்து ஓடியிருப்பாள். வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஏறத்தாழ இந்த முறையைத்தான் பழக்கினார்கள். குழந்தையைக் கதைசொல்லியாக்கு, நீ கேட்பவராக இரு என்பதே அதன் சாரம். ஒரு மாதத்திலேயே, வழக்கம்போலப் புத்தகம் படித்துக்காட்டிய வீட்டுக் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகளின் பேச்சு முன்னேறியிருந்தது.

மேலே காட்டிய உரையாடலில் எழுத்து எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சொற்களே இல்லாத படப்புத்தகங்கள் கிடைக்கின்றன. சொற்கள் உள்ள புத்தகத்தையும் படங்களை மட்டும் பார்த்து நடத்தலாம். கென்யாவின் கிராமப்புறத்தில் நடந்து 2020-இல் வெளியான ஒரு சோதனையில், பராமரிப்பாளர்களுக்குப் படக்கதைப் புத்தகங்களையும் இந்த முறையிலான பயிற்சியையும் தந்தார்கள். அவர்களில் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள்; அவர்களுடைய குழந்தைகளும் பயனடைந்தார்கள். எனவே உங்கள் தாயாரிடம் ஒரு படப்புத்தகத்தைத் தயங்காமல் கொடுங்கள். அவர் தயங்குவார், "எனக்கு என்ன தெரியும், நான் படிச்சவளா?" என்பார். முதல் இரண்டு மூன்று நாள் நீங்கள் அருகில் உட்கார்ந்து தொடங்கிவையுங்கள். குழந்தைக்கு முன்னால் அவருடைய உச்சரிப்பையோ சொல்லையோ திருத்த வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். பாட்டிக்குத் தெரியாது என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் ஒருமுறை விழுந்துவிட்டால், பாட்டியிடம் கேள்வி கேட்பதை அது நிறுத்திக்கொள்ளும்.

புத்தகம் இல்லாமல் அவர் வாய்மொழியாகச் சொல்லும் கதைகளையும் குறைவாக எண்ண வேண்டாம். அன்றாடப் பேச்சு பெரும்பாலும் கண்ணெதிரே இருப்பதைப் பற்றியது: இதை எடு, அங்கே போகாதே, கையைக் கழுவு. கதை அப்படியன்று. கண்ணில் படாத இடம், கடந்துபோன காலம், ஒருவர் மற்றொருவரை ஏமாற்ற நினைத்தது, அதனால் விளைந்தது ஆகியவற்றைச் சொல்லால் மட்டுமே கட்டி எழுப்ப வேண்டும். பின்னாளில் புத்தகம் அவளிடம் கேட்கப்போவதும் அதே திறனைத்தான். கதை முடிந்த பிறகு, "அப்பா வந்ததும் நீ அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லு" என்று பாட்டி சொல்லிவைத்தால் போதும். மாலையில் நீங்கள் அந்தக் கதையை உண்மையாகவே தெரியாதவராக இருந்து கேளுங்கள். "யார் சொன்னா? எதுக்கு அங்க போனாங்க?" என்று நீங்கள் இடையில் கேட்கும்போது, கேட்பவருக்கு எது தெரியாது என்பதை அவள் யோசிக்கத் தொடங்குவாள். மதியம் எங்கே போனோம், யார் வந்தார்கள் என்ற அன்றைய நிகழ்ச்சிகளையும் இப்படியே சொல்லவைக்கலாம்.

தமிழ் வாசிப்புக்கு இன்னொரு தடை உண்டு. பெற்றோர் பெரும்பாலும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. நாம் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். "வந்துட்டான்" என்று பேசும் குழந்தை "வந்துவிட்டான்" என்று படிக்க வேண்டியிருக்கிறது. "அவங்க வீட்டுக்குப் போனோம்" என்பதை "அவர்களுடைய வீட்டிற்குச் சென்றோம்" என்று காண்கிறது. எழுத்துக்கூட்டி ஒலித்த பிறகும் அந்த ஒலி அதற்குத் தெரிந்த சொல்லோடு ஒட்டவில்லை என்றால் பொருள் பிடிபடாது. அரபு மொழியிலும் இதே நிலை இருக்கிறது. பேச்சு அரபு மட்டுமே பழகிய மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில மாதங்கள் எழுத்து நடையிலேயே கதை படித்துக்காட்டியபோது, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் உயர்ந்ததை 1993-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்த இடத்தில்தான் எழுதப் படிக்கத் தெரிந்த உங்களுடைய, உங்கள் மனைவியுடைய பங்கு வருகிறது. இரவில் பத்து அல்லது பதினைந்து நிமிடம், புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே படித்துக்காட்டுங்கள். ஒரு வாக்கியத்தை எழுத்து நடையில் படித்துவிட்டு, அவளுக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தால் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லி, மீண்டும் எழுத்து நடையில் படியுங்கள். எல்லாவற்றையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லிவிட்டால் கதை இனிக்கும், ஆனால் புத்தகத் தமிழ் காதுக்குப் பழகாது. பாட்டியின் பேச்சுத் தமிழும் உங்களுடைய புத்தகத் தமிழும் அவளுக்கு ஒன்றாகக் கிடைப்பது நல்ல வாய்ப்பு. அவள் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். மூன்று வயதுக் குழந்தைகளிடம் செய்யப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், வெவ்வேறு கதைகளில் புதிய சொற்களைக் கேட்ட குழந்தைகளைவிட ஒரே கதையை மீண்டும் மீண்டும் கேட்டவர்களே அச்சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள்.

கதை படித்துக்காட்டினால் எழுத்தும் தானே வந்துவிடுமா என்று கேட்டால், பெரும்பாலும் வராது என்பதே பதில். கனடாவில் குழந்தைகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து செனெஷால், லெஃபெவர் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. வீட்டில் கதைப்புத்தகம் படிப்பது சொல்வளத்தோடும் கேட்டறியும் திறனோடும் தொடர்புடையதாக இருந்தது. பெற்றோர் எழுத்தைக் கற்பித்தது எழுத்தறிவோடு தொடர்புடையதாக இருந்தது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யவில்லை. காரணம் எளிது. படித்துக்காட்டும்போது குழந்தையின் கண் எங்கே இருக்கிறது என்று கருவிகொண்டு பார்த்தவர்கள், அது ஏறத்தாழ முழு நேரமும் படத்திலேயே இருந்ததைக் கண்டார்கள். ஆகவே எப்போதாவது ஒரு வரியின் கீழ் விரலை ஓட்டிக்கொண்டே படிப்பதும், "உன் பேர்ல வர்ற எழுத்து இங்க ஒண்ணு இருக்கு, எங்கேன்னு பாரு" என்று கேட்பதும் நல்லது. ஒவ்வொரு பக்கத்திலும் இதைச் செய்தால் கதை பாடமாகிவிடும். ஒரு புத்தகத்தில் இரண்டு மூன்று இடம் போதும்.

எழுத்துக்கு முன்னால் ஒலி. பேசும்போது நாம் பொருளை மட்டும் கவனிக்கிறோம். சொல் துண்டு துண்டான ஒலிகளால் ஆனது என்பதைக் குழந்தை தனியாகக் கண்டுகொள்ள வேண்டும். பிராட்லி, பிரையன்ட் ஆகியோர் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கைந்து வயதில் எதுகையையும் மோனையையும் காதால் பிரித்தறிய முடிந்த குழந்தைகள் பின்னர் நன்றாகப் படித்தார்கள் என்பதைக் காட்டியது. எளிதிலிருந்து கடினத்துக்குப் போவது முக்கியம். நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் சொல்லை அசைகளாகத் தட்டிக் காட்டினார்கள், தனி ஒலிகளாகப் பிரிக்க ஒருவராலும் முடியவில்லை என்று 1974-இல் ஓர் ஆய்வு கண்டது. ஆகவே "வா-ழை" என்று கைதட்டிப் பிரிப்பது, "பட்டம், பந்து, பல்லி, மாடு, இதுல எது சேராது?" என்று கேட்பது, "கட்டம், வட்டம்" என்று ஒலி ஒத்துவரும் சொற்களை மாறி மாறிச் சொல்வது ஆகியவை இந்த வயதுக்குப் பொருத்தமானவை. பொருளில்லாத சொல்லை அவள் இட்டுக்கட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். காது வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். தாலாட்டு, விடுகதை, நாப்பிறழ்ச் சொற்றொடர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். இவை எவற்றுக்கும் எழுத்தறிவு தேவையில்லை என்பதால் இவையும் பாட்டியின் பங்கிலேயே வருகின்றன.

இனி எழுத்து. உறவினர் குழந்தையோடு ஒப்பிட்டீர்கள். நம்முடைய எழுத்துமுறையைப் போன்ற கன்னட எழுத்துமுறையைக் குழந்தைகள் கற்கும் வேகத்தை ஆராய்ந்து சொனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளியில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்த பிறகும் உயிர்மெய்க் குறிகளைக் கற்பது தொடர்ந்துகொண்டிருப்பதைக் காட்டியது. இருபத்தாறு எழுத்து கொண்ட ஆங்கிலத்தின் கால அட்டவணையைத் தமிழுக்குப் பொருத்தி, ஐந்து வயதில் எல்லா எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான் பின்பற்றும் வழி இது. முதலில் அவள் பெயர், பிறகு அம்மா, அப்பா. அதன்பின் அட்டையில் உள்ள வரிசைப்படி போகாமல், இரண்டு மூன்று எழுத்துகளைக்கொண்டு உடனே படிக்கக்கூடிய சொற்களாக: படம், பட்டம், மரம், பழம். சில நாள் கழித்துத் துணைக்காலை மட்டும் அறிமுகப்படுத்தி, "பல், பால்", "கல், கால்" என்று இணைத்துக் காட்டினால், ஒரு சிறு குறி ஒலியை நீட்டிப் பொருளையே மாற்றிவிடுவதைக் கண்டு குழந்தைகள் வியப்பதைப் பார்க்கலாம். கொம்பு போட்ட எழுத்துகளைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். "கொ" என்பதில் குறி எழுத்தின் இருபுறமும் வருகிறது, ஆனால் ஒலி ஒன்றுதான். இது பல குழந்தைகளைத் திணறவைக்கும். ஒரே "க" கல், மகன், தங்கம் என்ற சொற்களில் வெவ்வேறாக ஒலிப்பதும் அப்படியே. தெரிந்த சொல்லாக இருந்தால் குழந்தை தானே சரிசெய்துகொள்ளும், எனவே தெரிந்த சொற்களிலேயே தொடங்க வேண்டும். வரிசையாக ஒப்பிப்பதை நான் தடுப்பதில்லை, அதில் ஒரு தாளம் இருக்கிறது. ஆனால் "க, ங, ச, ஞ" என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் குழந்தையிடம் நடுவில் ஓர் எழுத்தைக் காட்டினால் பெரும்பாலும் தெரியாது. ஒப்பித்தலை எழுத்தறிவு என்று எண்ணிவிடாதீர்கள்.

கையால் எழுதுவது எழுத்தை அடையாளம் காணவும் உதவுகிறது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைக் கொண்டு 2005-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், விசைப்பலகையில் தட்டியவர்களைவிடக் கையால் எழுதியவர்களே, அதிலும் குறிப்பாகச் சற்று மூத்த குழந்தைகள், எழுத்துகளை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அதற்காகக் கோடுபோட்ட ஏட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதவைக்க வேண்டாம். இந்த வயதில் விரல் தசைகள் அதற்குத் தயாராக இருப்பதில்லை. மணலில், தரையில், சுவர்ப்பலகையில் பெரிதாக எழுதட்டும். அவள் கிறுக்கியதைக் காட்டி, "இது பாட்டிக்கு நான் எழுதின கடிதம்" என்றால், "படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். எழுத்து இடவலமாகத் திரும்பி வருவது ஏழு வயது வரையிலும் சாதாரணம்.

எந்த வயதில் தொடங்கலாம் என்ற கேள்விக்கு, ஒரே வயதைச் சுட்டும் ஆதாரம் இல்லை. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிப்பைத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், பதினொரு வயதளவில் வாசிப்பு வேகத்தில் வேறுபாடு மறைந்திருந்தது. பின்லாந்தில் பள்ளியே ஏழு வயதில்தான் தொடங்குகிறது. இதைக் காட்டி, ஏழு வயதுவரை எழுத்தே வேண்டாம் என்று வாதிடுபவர்களை நான் ஏற்பதில்லை. அங்கெல்லாம் குழந்தைகள் அதுவரை கதையும் பேச்சும் விளையாட்டும் நிறைந்த சூழலில் இருந்தவர்கள், பின்னிஷ் எழுத்துமுறையும் மிக எளிது. அவளுக்கு ஆர்வம் இருந்தால் இன்றே தொடங்கலாம்; இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துத் தொடங்குவதால் எதுவும் கெட்டுவிடாது என்பது என் தீர்ப்பு. நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அழுகையில் முடியும் பத்து நிமிடத்தைவிடச் சிரிப்பில் முடியும் மூன்று நிமிடம் மேல்.

இதுவரை சொன்னவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்தறிவும் ஒலியுணர்வும் சொல்வளமும் பின்னாளைய வாசிப்பை முன்னறிவிக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் கதை படித்துக்காட்டுவதால் விளையும் பயனின் அளவு, பொதுவாகச் சொல்லப்படுவதைவிடச் சிறியது. சோதனைகள் பலவற்றைத் திரட்டி 2019-இல் வெளியான தொகுப்பாய்வு, சராசரிப் பயன் சிறிதே என்றும், ஒப்பிடப்பட்ட குழுவுக்கும் வேறொரு நல்ல செயல்பாடு தரப்பட்டிருந்த சோதனைகளில் அந்தப் பயனும் ஏறத்தாழ மறைந்துவிட்டது என்றும் கண்டது. நிறையப் படிக்கும் பெற்றோரின் குழந்தைகள் நன்றாகப் படிப்பதில் பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. அதைப் புத்தக அலமாரியின் கணக்கில் முழுவதும் எழுதிவிட முடியாது. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் சில வாரங்களே நீடித்தவை. வீட்டில் ஆண்டுக்கணக்கில் நடப்பதை அவற்றால் முழுமையாக அளக்க இயலாது. ஆகவே இரவில் படித்துக்காட்டுங்கள், ஆனால் ஒரு நாள் களைத்துப்போய் விட்டுவிட்டால் குற்றவுணர்வு வேண்டாம்.

செயலி பற்றிக் கேட்டீர்கள். எழுத்தின் வடிவத்தையும் ஒலியையும் இணைத்துப் பழக்கும் வேலையைச் சில செயலிகள் ஓரளவு செய்யும். பேச்சை வளர்க்கும் வேலையைச் செய்யா. பாட்ரிசியா கூல் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கைக்குழந்தைகள் சீனமொழி ஒலிகளை நேரில் பேசியவரிடமிருந்து கற்றார்கள். அதே பேச்சைக் காணொளியில் கேட்டவர்கள் கற்கவில்லை. மறுமொழி வரும் காணொளி அழைப்பு வேறு; மதிய இடைவேளையில் நீங்கள் அழைத்துப் பேசும் ஐந்து நிமிடம் உண்மையான உரையாடல்தான். இரண்டு முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்குத் திரை நேரம் ஒரு மணியைத் தாண்ட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. செயலிக்காக அந்த ஒரு மணியை முழுவதும் நிரப்ப வேண்டியதில்லை. பள்ளியின் மொழி வேறாக இருக்கும் என்பதற்காக நீங்களும் பாட்டியும் அரைகுறையாக அந்த மொழியில் பேசத் தொடங்கவும் வேண்டாம். உங்களுக்கு எந்த மொழியில் நீளமாக, நுட்பமாகப் பேச வருகிறதோ அதில் பேசுங்கள். இரண்டு மொழியைக் கேட்பதால் குழந்தை குழம்புவதில்லை, ஒரு மொழியில் வளரும் கதையறிவும் ஒலியுணர்வும் மற்றொன்றிலும் கைகொடுக்கும்.

நேரில் காட்ட வேண்டிய அறிகுறிகளைச் சொல்கிறேன். வீட்டுக்குப் புதியவர்களுக்கு அவள் பேச்சில் பெரும்பகுதி புரியவில்லை, மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வாக்கியம் நீளவில்லை, "மேல போய்ப் பையை எடுத்துட்டு வந்து பாட்டிகிட்ட கொடு" போன்ற தொடர் வேலையைச் சைகை இல்லாமல் பின்பற்ற முடியவில்லை, நேற்று நடந்ததைச் சொல்லத் தெரியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஐந்தரை வயதை நெருங்கும்போதும் ஒலி ஒத்த சொற்களை அறிய முடியாமலும், பலமுறை காட்டிய எழுத்துகள் மறுநாள் மறந்தும் போய், குடும்பத்தில் எவருக்காவது படிப்பதில் நெடுநாள் சிரமம் இருந்திருந்தால் அப்போதும் அப்படியே. எதற்கும் முன்னால் செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் தங்கினால் கேட்கும் திறன் விட்டுவிட்டுக் குறையும், வீட்டில் அதைக் கவனமின்மை என்று நினைத்துவிடுவார்கள். காது சரியாக இருந்தால் பேச்சுமொழி வல்லுநரைப் பாருங்கள். போகும்போது, அவள் பாட்டியோடு இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பதை ஐந்து நிமிடம் கைபேசியில் பதிவுசெய்து எடுத்துச் செல்லுங்கள். புதியவர் முன்னால் வாய் திறக்காத குழந்தையின் மொழியை மதிப்பிட அந்தப் பதிவு அவருக்குப் பெரிதும் உதவும்.